கிராம சபைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை: ஊர்த் திட்டத்தில் மக்களைச் சேர்ப்பது எப்படி?

கிராம சபையில் ஒருவர் எழுந்து “எங்க தெருவுக்கு ரோடு வேணும்” என்கிறார். ஊராட்சிச் செயலர் குறித்துக்கொள்கிறார். அடுத்த கூட்டத்திலும் அதே ஆள், அதே ரோடு. மூன்றாவது கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. “போய் என்ன ஆகப்போகுது” என்று தெருக்காரர்களும் நின்றுவிடுகிறார்கள்.

அலுவலகங்களின் மெத்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும். பல நேரம் அந்தக் கோரிக்கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருப்பதில்லை. எங்கிருந்து எதுவரை, சாலை யாருக்குச் சொந்தம், எந்த நிதியில் போடலாம், எத்தனை வீட்டுக்குப் பயன் என்று எதுவும் அதில் இல்லை. கூட்டம் நடப்பது ஒரு காலைப்பொழுதுதான். மக்களைத் திட்டத்தில் சேர்க்கிற வேலை அதற்கு இரண்டு மாதம் முன்பே திண்ணையிலும் குழாயடியிலும் தொடங்கிவிட வேண்டும். தமிழ்நாட்டு ஊராட்சிகளை வைத்து அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இதுவரை ஒரு கிராம சபைக்கும் போகாதவர்களுக்கும் இது பயன்படும்.

படி 1: நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

1992இல் வந்த 73வது அரசியலமைப்புத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு அதிகாரம் தந்திருக்கின்றன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடியது. 2022 முதல் உலக தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்ந்து ஆறு ஆகிவிட்டன.

திட்டத்துக்கு முக்கியமான நாள் அக்டோபர் 2. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை (ஊர்த் திட்டம் என்று நான் சொல்வது இதைத்தான்) தயாரிக்கும் வேலை 2018 முதல் பெரும்பாலும் அந்த நாளை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஆகவே நீங்கள் ஆகஸ்டில் தொடங்குங்கள். ஜனவரியில் போய் நின்றால், தயாரான பட்டியலை வாசிக்கக் கேட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

படி 2: தெருவில் நடங்கள், தரையில் வரையுங்கள்

நாலைந்து பேர் போதும். பெரிய சங்கமெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். தலைவர் யார், பொருளாளர் யார் என்பதிலேயே ஒரு மாதம் போய்விடும். வார்டு உறுப்பினர் இருந்தால் கூப்பிடுங்கள், வந்தால் நல்லது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நடந்து, குழாய், விளக்குக் கம்பம், சாக்கடை, பாழடைந்த கிணறு என்று கண்ணில் படுவதையெல்லாம் எழுதுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை நடந்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு பொது இடத்தில் கோலமாவால் தரையில் தெருவை வரையுங்கள். தாளில் வரைந்தால் பேனா வைத்திருப்பவர்தான் பேசுவார். தரையில் வரைந்தால் போகிற பாட்டி கூட நின்று, “அந்த வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஓடை இருந்துச்சே, அதை எங்கடா காணோம்?” என்று கேட்பார். ஆக்கிரமிப்பு, மூடிப்போன வாய்க்கால் எல்லாம் இப்படித்தான் வெளியே வரும்.

தேவைகள் இருபது சேர்ந்துவிடும். அதில் மூன்றைத்தான் எடுக்க வேண்டும். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். ஒவ்வொரு தேவைக்கும் தரையில் ஒரு கட்டம் போட்டு, எது முக்கியமோ அதில் அதிகம் வைக்கச் சொல்லுங்கள். படிப்பு வேண்டாம், மைக் வேண்டாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இதை நடத்திப் பாருங்கள். ஆண்கள் சமுதாயக்கூடத்தில் குவிப்பதும், பெண்கள் தண்ணீரிலும் தெருவிளக்கிலும் குவிப்பதும் அடிக்கடி நடப்பதுதான். இரண்டு முடிவையும் எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டுப் பேச விடுங்கள்.

இதில் கூசாமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கூட்டத்தை ஊர்த் தெருவில் போட்டால் காலனி மக்கள் வந்து ஓரமாக நிற்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். கோயில் மண்டபத்தில் போட்டால் இன்னும் மோசம். வழிபாட்டு இடங்களில் கிராம சபையைக் கூட்டக் கூடாது, இடத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று அரசு அறிவுரையே இருக்கிறது. உங்கள் சிறு கூட்டங்களுக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்தைக் காலனியிலேயே போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. நேரமும் முக்கியம். கூலி வேலைக்குப் போகிறவர்களைக் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டுவிட்டு, மக்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதிவைப்பது நியாயமில்லை.

படி 3: அது யாருடைய சொத்து?

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஊரில் இருக்கிற எல்லாம் ஊராட்சிக்குச் சொந்தம் இல்லை.

ஊருக்குள் இருக்கும் தெருக்கள், தெருவிளக்கு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, குடிநீர்க் குழாய் எல்லாம் கிராம ஊராட்சியின் பொறுப்பு. ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கலாம். ஏரியில் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (அதிலிருந்து பாசனம் பெறும் நிலம்) இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். குட்டை, ஊருணி என்றால் கிராம ஊராட்சி. டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்துடையது.

நிலத்தின் வகையையும் பார்த்துவிடுங்கள். “சும்மா கிடக்குற இடம்தானே, அங்கே களம் கட்டலாம்” என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட இடம் நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் அந்தத் திட்டம் அங்கேயே செத்தது. மேய்ச்சல் புறம்போக்கு என்றாலும் இழுபறிதான். புல எண் (சர்வே நம்பர்) தெரிந்தால், நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டு விவரத்தை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

வேறு துறையின் சொத்தாக இருந்தால் கைவிட வேண்டாம். கிராம சபை தீர்மானம் போட்டு அந்தத் துறைக்கு அனுப்பலாம். ஊராட்சி தன் கையால் செய்யும் பட்டியலில் மட்டும் அதைச் சேர்க்க முடியாது.

படி 4: எந்தப் பணம்?

ஊராட்சிக்கு மூன்று வழியாகப் பணம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எனச் சொந்த வருவாய் ஒன்று. மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநில அரசு தரும் மானியம் இன்னொன்று. மூன்றாவது ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம். இந்த மூன்றாவதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 15வது நிதிக்குழு 2021-26 காலத்துக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்று இருந்தது. மீதி 40 சதவீதத்தில்தான் மற்ற பணிகள். “பணம் இருக்கு, ஆனா ரோடு போட முடியாது” என்று தலைவர் சொன்னால் அது எப்போதும் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். புதிய நிதிக்குழுக் காலத்துக்கு விதி என்ன என்று செயலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

‘நமக்கு நாமே’ திட்டம் வேறு வகை. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால், மீதியை அரசு தரும். வெளியூரில் சம்பாதிக்கிறவர்கள் நிறைய உள்ள ஊருக்கு இது சரிப்படும். ஆனால் பணம் போட முடிந்த தெருவுக்கே வேலை நடக்கும் என்ற ஆபத்தும் இதில் உண்டு. கூலிக்காரத் தெருவின் தேவைக்கு இந்த வழியைக் காட்டாதீர்கள்.

படி 5: பிழைப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள்

பெரும்பாலான ஊர்த் திட்டங்கள் சிமென்டும் ஜல்லியுமாகவே இருக்கின்றன. அரசியலமைப்பின் 11வது அட்டவணையில் ஊராட்சிக்கு உரியவையாகச் சொல்லப்பட்ட 29 பொருள்களில் கால்நடை, மீன்வளம், சிறுதொழில், சந்தை எல்லாம் உண்டு. அவற்றை யாரும் கேட்பதில்லை.

கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலம் அது. தண்ணீர் ஏற்றுவதற்கும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. 2006இல் ஊராட்சி தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனையானது. எல்லா ஊருக்கும் காற்றாலை சாத்தியமில்லை என்பது சரி. ஆனால் ‘எங்கே பணம் கசிகிறது, எதிலிருந்து வருமானம் வரும்’ என்று ஒரு ஊராட்சி கணக்குப் போட்டுப் பார்த்தது. அந்தக் கணக்கை நீங்களும் போடலாம். பால் எங்கே போகிறது? அறுவடையில் நெல் காயவைக்க இடம் இருக்கிறதா? வாரச்சந்தைக்குக் கூரை உண்டா?

இதற்கு மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பிடியுங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மூலம் கிராம வறுமைக் குறைப்புத் திட்டம் என்று ஒன்றைத் தயாரிப்பார்கள். யாருக்கு மாடு வேண்டும், யாருக்குத் தையல் பயிற்சி, யாருக்கு முதியோர் ஓய்வூதியம் வரவில்லை என்று வீடு வீடாக விவரம் அவர்களிடம் இருக்கும். அது கிராம சபையில் வைக்கப்பட்டு ஊர்த் திட்டத்தோடு சேர வேண்டியது. பல ஊர்களில் கூட்டமைப்பின் அலமாரியிலேயே அது தூங்குகிறது.

படி 6: தீர்மானத்தை எழுதி எடுத்துப் போங்கள்

கூட்டத்தில் பேசியது காற்றோடு போகும், எழுதியதுதான் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். வாசகத்தை நீங்களே எழுதி, தெருக்காரர்களின் கையெழுத்தோடு முன்கூட்டியே செயலரிடம் கொடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

“3வது வார்டு, மேலத்தெருவில் ரேஷன் கடை முதல் பள்ளி வரை உள்ள வடிகால் உடைந்து, மழைக்காலத்தில் 40 வீடுகளுக்குள் கழிவுநீர் புகுகிறது. இது ஊராட்சிக்குச் சொந்தமான தெரு. சுகாதாரப் பணிக்கான மானியத்தில் இதைச் சீரமைக்க, வரும் ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் முன்னுரிமைப் பணியாகச் சேர்க்க இந்தக் கிராம சபை தீர்மானிக்கிறது.”

அன்றைக்கு ஆள் திரட்டுவது உங்கள் வேலை. குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேராவது வர வேண்டும் என்ற கணக்கு, இருக்கிறது: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் நிற்பவர் கணக்கில் வரமாட்டார். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது எழுந்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள், அதற்கும் ஒப்புதல் தருவது நீங்கள்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கூட்டத்தை நடத்துவார், நடைமுறை ஒன்றுதான்.

படி 7: பின்தொடருங்கள்

தீர்மானம் நிறைவேறியதும் எண்ணைக் குறித்துக்கொண்டு நகல் கேளுங்கள். தர மறுத்தால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் பணி திட்டத்தில் ஏறிவிட்டதா என்று ஒன்றிய அரசின் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்தில் ஊராட்சியின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஏறவில்லையென்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் தீர்மான நகலோடு மனுக் கொடுங்கள். ஏறியிருந்தால் ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் அளவெடுக்க வரும் நாளில் நீங்களும் கூட நில்லுங்கள். வடிகால் எந்த வீட்டு வாசலோடு நின்றுபோகிறது என்பது பெரும்பாலும் அந்த நாளில்தான் முடிவாகிறது.