விளையாட்டை நடுவில் வைத்து யு.கே.ஜி. வகுப்பின் நாளைத் திட்டமிடுதல்

பெரும்பாலான பள்ளிகளில் யு.கே.ஜி. வகுப்பின் கால அட்டவணை ஐந்தாம் வகுப்பு அட்டவணையைச் சுருக்கி எழுதியதாகவே இருக்கிறது. அரை மணி நேரம் தமிழ், அரை மணி நேரம் ஆங்கிலம், அரை மணி நேரம் கணக்கு, பிறகு ரைம்ஸ், நேரம் மிஞ்சினால் விளையாட்டு. விளையாட்டு வழியில் கற்பிக்க முடிவு செய்த ஆண்டில் நானும் அதே கட்டங்களை வைத்துக்கொண்டு, ‘கணக்கு’ என்று இருந்த இடத்தில் ‘கட்டை விளையாட்டு’ என்று எழுதி ஒட்டினேன். பெயர்தான் மாறியது, மணி பழைய நேரத்திலேயே அடித்தது. ஒரு பையன் பத்து நாள்களாகச் சுவரோரம் பாலம் கட்ட முயன்று கொண்டிருந்தான். கட்டைகளைத் தேர்ந்தெடுத்து, யார் எந்தப் பக்கம் என்று நண்பனோடு சண்டை போட்டு முடித்துத் தூண்களை நிறுத்தும்போது மணி அடித்துவிடும். பதினோராம் நாள் அவன் பாலத்தைத் தொடங்கவே இல்லை. நான்கு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மணி அடிக்குமுன் தானே தட்டிவிட்டான். நேரம் போதாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே, திட்டமிடத் தொடங்கும்போது பாடங்களை எழுதாமல், ஒரு மணி நேர இடைவிடாத விளையாட்டை முதலில் தாளின் நடுவில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கரை, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு எந்த மூலைக்கு (கட்டை, கடை என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் வகுப்பில் ஒதுக்கிய இடம்) போவது, யாரோடு சேர்வது, என்ன செய்வது என்று தீர்மானிக்கவே முதல் 15 நிமிடங்கள் ஆகும். ஆழமான விளையாட்டு அதற்குப் பின்புதான் பிறக்கிறது. அரை மணி நேரத்தை இரண்டு முறை கொடுப்பதும் ஒரு மணி நேரத்தை ஒரே முறை கொடுப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் தயக்கம் மட்டுமே இரண்டு முறை கிடைக்கும்.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளும் வகுப்பில் 24 குழந்தைகள், ஓர் ஆசிரியர், ஓர் ஆயா. வகுப்பு காலை 9.00 மணி முதல் 12.30 வரை. கையில் இருப்பது 210 நிமிடங்கள். நான் பின்பற்றும் வரிசை இது. 9.00 முதல் 9.20 வரை வருகையும் தரையில் பரப்பிய எளிய விளையாட்டும், 9.55 வரை மைதானம், பிறகு கை கழுவிச் சிற்றுண்டி, 10.20-க்கு வட்டமாக அமர்தல், 10.35 முதல் 11.35 வரை மூலை விளையாட்டு, அடுத்த கால் மணி நேரம் எடுத்து வைப்பதற்கும் செய்ததைச் சொல்வதற்கும், 11.50-க்குச் சிறு குழுக்கள், 12.10-க்குக் கதை, அதன் பின் வீடு. இந்த நிமிடங்கள் உங்கள் பள்ளிக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை, ஆனால் வரிசைக்குக் காரணங்கள் உண்டு.

மைதானத்தை ஏன் முதலில் வைத்தேன் என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஜூன் மாதத்தில் பதினொன்றரை மணி வெயிலில் மணலைத் தொட முடியாது. இரும்புச் சறுக்குமரம் இன்னும் மோசம். வெயில் ஒரு காரணம் என்றால், பள்ளி வேன் வண்டியில் ஒரு மணி நேரம் இடுக்கி உட்கார்ந்து வரும் குழந்தையை வந்தவுடன் மீண்டும் உட்கார வைக்கக் கூடாது என்பது மற்றொரு காரணம். குலை குலையா முந்திரிக்காயோ, கயிறு தாண்டுதலோ, வெறும் ஓட்டமோ, 35 நிமிடங்கள் உடம்பை ஆட்டிவிட்டு வரும் குழந்தைகள் வட்டத்தில் அமைதியாக இருப்பதை ஒரே வாரத்தில் கண்ணால் பார்க்கலாம். மூன்று, நான்கு வயதினருக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிட உடலியக்கமும், அதில் 60 நிமிடம் சற்று வேகமான இயக்கமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. எல்.கே.ஜி.யும் யு.கே.ஜி.யும் சேர்ந்து அமரும் வகுப்புகளில் இந்தக் கணக்கைத் தலைமை ஆசிரியரிடம் எடுத்துக் காட்டலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் மழைநாள் வரிசை ஒன்றையும் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடலாம், வகுப்பில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாட்டுக்கு ஆடலாம். அன்று காலையில் யோசிக்கத் தொடங்கினால் பத்து மணி வரை ஒன்றும் நடக்காது.

அட்டவணையில் எழுதப்படாமலேயே நேரத்தைத் தின்பவை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளிகள். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வகுப்புக்கு இரண்டு குழாய்கள். ஒரு குழந்தை சோப்புப் போட்டுக் கை கழுவ 40 விநாடி. 24 குழந்தைகளும் கழுவி முடிக்க எட்டு நிமிடம். கடைசியில் நிற்பவன் எட்டு நிமிடமும் ஒன்றும் செய்யாமல் நிற்கிறான், அல்லது முன்னால் நிற்பவளின் பின்னலை இழுக்கிறான். மைதானம், சிற்றுண்டி, கழிப்பறை என்று நாளுக்கு மூன்று வரிசை என்றால் அந்தக் குழந்தைக்கு 24 நிமிடம் வரிசையிலேயே கழிகிறது, கதை நேரத்தைவிட அதிகம்! அடம் பிடிக்கிறான், அடிக்கிறான் என்று பெற்றோரிடம் நாம் சொல்லும் புகார்களில் பாதி இந்த வரிசையில்தான் பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

இதற்கு வழி, எல்லோரையும் ஒரே நேரத்தில் நகர்த்தாமல் இருப்பது. மைதானத்திலிருந்து ஆறு ஆறு பேராக அழைத்து வருகிறோம்; முதல் ஆறு பேர் ஆயாவோடு குழாய்க்குச் செல்லும்போது மற்றவர்கள் என்னோடு விளையாட்டைத் தொடர்கிறார்கள். கழுவி முடித்தவர் தம் பாயில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கலாம். பிறருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர் எங்கே நிற்பார், ஆயா எங்கே நிற்பார் என்பதையும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே எழுதி, அந்தத் தாளை ஆயாவோடு சேர்ந்து படித்துப் பாருங்கள். அவருக்குத் தெரியாத திட்டம் 9.20-க்கே உடைந்துவிடும்.

வட்டமாக அமரும் நேரம் 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. யார் வரவில்லை என்று எண்ணுதல், ஒரு பாட்டு, அன்றைக்குப் பேச ஒரு பொருள் (யாராவது கொண்டு வந்த முருங்கைக்காயோ நத்தைக் கூடோ போதும்) என்று சுருக்கமாக முடித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தை மூலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒதுக்குங்கள். “நீ இன்று எங்கே போகிறாய், என்ன செய்யப் போகிறாய்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும் பழக்கம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டேவிட் வைகார்ட் தொடங்கிய ஹைஸ்கோப் முறையில் திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்ற மூன்று படிகளில் முதலாவது. நம் வகுப்பில் 24 பேரிடமும் தனித்தனியே கேட்க நேரம் போதாது. நாளுக்கு ஆறு பேரைச் சொல்ல வைத்தால் மற்றவர்கள் தங்கள் பெயர் அட்டையை மூலையில் மாட்டிவிட்டுப் போகலாம். ஒவ்வொரு மூலையிலும் எத்தனை ஆணி இருக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் இடம். இதனால் ‘நான்தான் முதலில்’ என்ற வழக்குகள் என் மேசைக்கு வருவது மிகவும் குறைந்துவிட்டது.

எங்கள் வகுப்பில் ஐந்து மூலைகள் இருக்கின்றன: கட்டைகள், சொப்புச் சாமான்களோடு வீட்டு மூலை, கடை, களிமண்ணும் வண்ணமும், புத்தகம். ஆணிகள் மொத்தம் 28. குழந்தைகளைவிட நான்கு கூடுதலாக இருந்தால்தான் இடம் மாற வழியிருக்கும். விலை கொடுத்து வாங்கியது கட்டைகள் மட்டுமே. ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் 1837-இல் தம் பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் சூட்டிய ஃப்ரோபெல் குழந்தைகள் கையில் கொடுத்ததும் இத்தகைய மரக்கட்டைகளைத்தான். பள்ளியில் பணம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு அவற்றை வாங்கலாம். மற்றவற்றுக்குக் கொட்டாங்குச்சி, காலி மாவுப் பொட்டலங்கள், பழைய புடவை, தராசு ஒன்று போதும். புளியங்கொட்டை யு.கே.ஜி.க்குச் சரி, மூன்று வயதினர் இருக்கும் வகுப்பில் வாய்க்குள் போகும் எதையும் வைக்காதீர்கள்.

இந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் நோட்டுத் திருத்தக் கூடாது. முதல் கால் மணி நேரம் எங்கும் உட்காராமல் சுற்றி வந்து, தயங்கி நிற்பவரை மட்டும் ஏதாவது ஒரு மூலையில் சேர்த்துவிடுங்கள். பிறகு ஒரே மூலையில் அமர்ந்து, கேட்டால் மட்டும் விளையாட்டில் சேருங்கள். கடை மூலையில் ஒரு பெண் குழந்தை அட்டையில் ‘வெஙயம் 04’ என்று எழுதிக்கொண்டு வந்து என்னிடம் கிலோ நாற்பது ரூபாய் என்றாள். நான்கு ரூபாய்தானே எழுதியிருக்கிறது என்று நான்கு ரூபாயை நீட்டியதும், அட்டையைப் பிடுங்கிச் சென்று வீட்டு மூலையிலிருந்த காலண்டரைப் பார்த்து 40 என்று திருத்தி வந்தாள். வெங்காயத்தை நான் திருத்தவில்லை. அது அடுத்த வாரத்துக்கு என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நாளுக்கு மூன்று குழந்தைகளைப் பற்றி இரண்டு வரி எழுதினால் எட்டு வேலைநாளில் வகுப்பு முழுவதையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

முடியும் நேரத்தைத் திடீரென்று அறிவிக்காதீர்கள். ஐந்து நிமிடம் முன்பே மூலை மூலையாகச் சென்று மெல்லிய குரலில் சொல்லுங்கள். முடியாத பாலத்தின் மேல் ‘நாளை தொடரும்’ என்ற அட்டையை வைத்துவிட்டுப் போக அனுமதியுங்கள்; பெருக்குகிற அம்மாவிடமும் அந்த அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் காலையில் ஓர் அழுகை காத்திருக்கும். எடுத்து வைத்தபின், வட்டத்தில் திட்டம் சொன்ன அதே ஆறு பேர் தாம் செய்ததைச் சொல்கிறார்கள். சொன்னதும் செய்ததும் பொருந்த வேண்டியதில்லை.

எழுத்தும் எண்ணும் எங்கே என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்கு இடம் 11.50-க்கு வருகிறது. வகுப்பை ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரித்து, திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒரு குழுவை என் மேசைக்கு அழைக்கிறேன். வெள்ளிக்கிழமை, அந்த வாரம் விடுப்பில் இருந்தவர்களுக்கும் கூடுதலாக உதவி தேவைப்படுபவர்களுக்கும். மற்ற மூன்று குழுக்களும் அந்த 20 நிமிடத்தில் முன்பே பழகிய வேலையை மட்டும் செய்ய வேண்டும்: புளியங்கொட்டையைப் பத்து பத்தாக எண்ணி வைத்தல், படப்புதிர், மணல் தட்டில் எழுதிப் பார்த்தல். புதிய வேலையைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை “மிஸ், இது எப்படி?” என்று வந்து நிற்பார்கள். ஆறு பேரோடு கிடைக்கும் அந்த நேரத்தில், 24 பேருக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நான்கு கோடு நோட்டில் நகலெடுக்கச் சொல்லும் ஒரு வாரத்தைவிட அதிகம் தெரிந்துகொள்கிறேன்.

அட்டவணையைப் பார்த்து ‘கணக்கு பீரியடு எங்கே?’ என்று தலைமை ஆசிரியர் கேட்டால், அடித்தள நிலைக்காக 2022-இல் வெளியான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு துணைக்கு வரும். மூன்று முதல் எட்டு வயது வரையிலான கற்றலுக்கு விளையாட்டையே அடிப்படையாக வைக்கும் அந்த ஆவணம், சுதந்திரமான விளையாட்டு, வழிகாட்டிய விளையாட்டு, ஆசிரியர் அமைத்துத் தரும் விளையாட்டு என்று மூன்றுக்கும் இடம் கேட்கிறது. மேலே சொன்ன நாளில் மூலை விளையாட்டு முதலாவதிலும், நாம் கடைக்குள் போய் அமரும் பொழுது இரண்டாவதிலும், சிறு குழு வேலை மூன்றாவதிலும் அடங்கும். ஆவணத்தின் பெயரைவிட, கடை மூலையில் எழுதிய அந்த அட்டைகளைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டுவது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குழந்தைகளுக்கும் ஓர் அட்டவணை வேண்டும். நாளின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படம் வரைந்து கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, இப்போது எங்கே இருக்கிறோம் என்பதற்கு ஒரு சிவப்புத் துணி கிளிப்பை மாட்டுங்கள். கிளிப்பை நகர்த்துவது அன்றைய உதவியாளரின் வேலை. ஜூன் மாதத்தில் “அம்மா எப்போ வருவாங்க?” என்று அழும் குழந்தைக்குப் பன்னிரண்டரை மணி என்பது பொருளற்ற சொல், ‘இந்தக் கதைப் படத்துக்கு அடுத்த படம் அம்மா’ என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க முடியும். இதற்காகவே நிமிடங்கள் மாறினாலும் வரிசையை மாற்றாமல் வைத்திருப்பது நல்லது.

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் இந்த முழு நாளையும் நடத்த முயலாதீர்கள். இரண்டு மூலைகளை மட்டும் திறந்து, விளையாட்டு நேரத்தை 25 நிமிடத்தில் தொடங்கி, கட்டைகளைத் திரும்ப அடுக்குவதையும் பெயர் அட்டையை மாட்டுவதையும் பழக்குங்கள். மிச்ச நேரத்தை மைதானத்துக்கும் கதைக்கும் கூட்டிக்கொடுங்கள். அட்டவணையைப் பென்சிலால் எழுதி, உண்மையில் எத்தனை மணிக்கு எது தொடங்கியது என்று அதன் ஓரத்திலேயே ஒரு வாரம் குறித்து வாருங்கள். எனக்குச் சிற்றுண்டி நேரம் எப்போதும் ஏழெட்டு நிமிடம் இழுத்தது. கடைசியில் பார்த்தால், திறக்க முடியாத டிபன் பாக்ஸ் மூடிகளை நானும் ஆயாவும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தோம். எளிதில் திறக்கும் டப்பா கொடுத்தனுப்பும்படி பெற்றோருக்கு டைரியில் எழுதியனுப்பிய அடுத்த வாரமே அந்த நிமிடங்கள் திரும்பி வந்தன, அவற்றை மூலை விளையாட்டோடு சேர்த்துவிட்டேன்.