நோட்ல "டென்ஷன்"னு எழுதாதீங்க

எங்க தியான குரூப்ல புதுசா சேர்றவங்க உடம்பு டைரிய, அதாவது உடம்புல என்ன தெரியுதுன்னு எழுதி வைக்கற நோட்டை, வாசிச்சுக் காட்டும்போதெல்லாம் எனக்குப் பல்லு கூசும், நிஜமாவே பல்லுதான், காரணம் கீழ வருது. தினமும் எழுதணும், போனைத் தள்ளி வைக்கணும்ங்கற சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். அதுல பண்ற தப்புகளை மட்டும் சொல்றேன்.

பேரை எழுதிட்டு உணர்வை விட்டுடறது

"ஆபீஸ்ல ஒரே டென்ஷன்." "மனசே சரியில்ல." சரி, உடம்புல எங்க? தோள்லயா, தொண்டைலயா, நெஞ்சுக்குழிலயா? குத்துதா, குடையுதா, பிசையுதா, மதமதன்னு இருக்கா, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதா? தலைவலிக்குதுன்னு சொன்னா எங்க அம்மாச்சி முதல்ல கேக்கறதே "எந்தப் பக்கம், குத்துதா பாரமா இருக்கா"ன்னுதான், அது ஒருநாளும் டைரி எழுதுனதில்ல.

நான் நாலு மாசம் "டென்ஷன்", "இன்னைக்கும் டென்ஷன்"னு எழுதித் தள்ளினேன். காலைல எந்திரிக்கும்போது தாடை கல்லு மாதிரி இருக்கும், ரெண்டு பொட்டும் வலிக்கும், வாயத் தொறந்தா காது பக்கத்துல டக்குன்னு ஒரு சத்தம், இதுல ஒண்ணையாவது எழுதினேனான்னா இல்ல. ஒருநாள் இட்லி சாப்பிடும்போது, முறுக்கு கூட இல்லங்க, இட்லி, கடவாப்பல் ஓரம் உடைஞ்சு நாக்குல வந்து நிக்குது. பல் டாக்டர் பாத்துட்டு "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க, நல்லா தேஞ்சிருக்கு, காலைல தாடை வலிச்சிருக்குமே?"ன்னாரு. வீட்டுக்கு வந்து நோட்டை முழுசா புரட்டினேன், "தாடை"ங்கற வார்த்தையே இல்ல. ரூட் கெனால், கேப், நைட்டு பல்லுல மாட்டிக்க ஒரு கவசம்னு ஒரு மாச வாடகைக்கு மேல போச்சு. இன்னும் ஆறல எனக்கு.

ஜான் கபாட்-ஜின் 1979-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஆரம்பிச்ச 8 வார தியானப் பயிற்சில இதுக்குன்னே ஒரு தாள் உண்டு. ரெண்டாவது வாரம் தினம் ஒரு நல்ல அனுபவம், மூணாவது வாரம் தினம் ஒரு பிடிக்காத அனுபவம் எழுதணும். அதுல உடம்பு எப்படி இருந்துச்சுங்கறதுக்குத் தனி கட்டம், மனசுல என்ன ஓடுச்சுங்கறதுக்கு வேற கட்டம். நோட்டுல நடுவுல ஒரு கோடு போட்டா போதும், "டென்ஷன்" வலது பக்கம் போகட்டும், இடது பக்கம் எடமும் தன்மையும் மட்டும்: "வலது தாடை, இறுக்கம், காபி குடிச்சப்புறம் கொஞ்சம் விட்டுச்சு."

எல்லாத்தையும் நைட்டு எழுதுறது

காலைல வந்த வலி நைட்டுக்குள்ள கதையாயிடும். அப்பப்ப ரெண்டு வரி.

"ஒண்ணுமே தெரியல"ன்னு மூடி வைக்கிறது

அதையே எழுதுங்க, "முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியல"ன்னு. சிலருக்கு மூச்சையோ நெஞ்சுத் துடிப்பையோ கவனிச்சாலே படபடப்பு ஏறும், அவங்க உள்ளங்கால்ல ஆரம்பிக்கலாம், தரை சில்லுன்னு இருக்கா, செருப்பு வார் அழுத்துதான்னு.

எழுதினதை கூகுள்ல தேடுறது

வேணாம்.

எல்லாத்துக்கும் நோட்டை எடுக்கறது

நெஞ்சை அழுத்துது, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுது, குப்புன்னு வேர்க்குதுன்னா பேனாவைக் கீழ வெச்சுட்டு 108-க்கு போன் போடுங்க.