நாளிதழில் நிலப் பயன்பாடு மாற்ற அறிவிப்பா? ஆட்சேபனைக் கடிதம் எழுதுவது இப்படி

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையை வணிகப் பகுதியாக மாற்றக் கேட்டிருக்கிறார்கள் என்பது, பழைய பேப்பர்காரருக்குப் போட நாளிதழ்களைக் கட்டும்போதுதான் தெரிந்தது. பொடி எழுத்தில் உள்ளங்கை அகல அறிவிப்பு. அது வெளிவந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சென்னை மடிப்பாக்கத்தில் மழை பெய்தால் எங்கள் தெருத் தண்ணீர் போய் நிற்பது அந்த மனையில்தான். அன்று இரவு வாட்ஸ்அப் குரூப்பில் இருநூறு மெசேஜ் விழுந்தது. கடிதம் எழுத ஒருவருக்கும் தெரியவில்லை. தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

படி 1: மாறுவது விதியா, மனையா?

முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாநிலம் முழுவதற்குமான கட்டிட விதி மாறுவது ஒரு வகை. தமிழ்நாட்டில் இப்போது இருப்பது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். அதில் வரும் திருத்தங்களை வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை அரசாணையாகப் போடும், அரசிதழில் வரும். உங்கள் மனு அந்தத் துறையின் செயலாளருக்குப் போக வேண்டும்.

குறிப்பிட்ட ஒரு சர்வே எண்ணின் நிலப் பயன்பாடு மட்டும் மாறுவது இன்னொரு வகை. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. எந்த இடம் குடியிருப்பு, எது வணிகம், எது விவசாயம், எது திறந்தவெளி என்று அதில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த வகையை மாற்றச் சொல்லி மனைக்காரர் கேட்டால், சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், நாளிதழில் அறிவித்து ஆட்சேபனை கேட்கும். சாதாரண ஆள் நேரடியாக உள்ளே நுழையக் கிடைக்கும் வாசல் இதுதான்.

விதி மாறினால் என்ன என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். எஃப்எஸ்ஐ என்பது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் எஃப்எஸ்ஐ 1.5 இருந்தபோது 3,600 சதுர அடி கட்டலாம். 2 ஆனதும் 4,800. தெரு அதே தெரு, கழிவுநீர்க் குழாயும் அதேதான்.

படி 2: சர்வே எண்ணைப் பிடியுங்கள்

அறிவிப்பில் உள்ள எண்ணை ‘தமிழ்நிலம்’ என்ற அரசின் நில ஆவணத் தளத்தில் போட்டு வரைபடம் எடுங்கள். சிஎம்டிஏ தளத்தில் அதே எண்ணுக்கு இப்போதைய நிலப் பயன்பாட்டைப் பார்த்து, திரையைப் படம் எடுத்து வையுங்கள். பழைய சர்வே எண்ணும் டவுன் சர்வே எண்ணும் வேறு வேறாக இருக்கலாம். நாங்கள் அரை நாள் பக்கத்து மனையைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

படி 3: டேப்பை எடுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. கட்டிட விதிகளில் பெரும்பாலானவை சாலை அகலத்தில்தான் நிற்கின்றன. 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டிடத்துக்கு 2019 விதிகளின்படி முழு எஃப்எஸ்ஐ 3.25 கிடைக்க 18 மீட்டர் சாலை வேண்டும். ஞாயிறு காலை, வண்டிகள் கிளம்பும் முன்னால், இரண்டு பேர் டேப்பின் இரு முனையையும் பிடித்து மூன்று இடத்தில் அளந்தோம். முப்பது அடி ரோடு என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்த தெரு, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் 6.8 மீட்டர்தான் வந்தது. டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். மழைக்காலத்தில் அந்த மனையில் தண்ணீர் நின்ற பழைய போட்டோ யாருடைய போனிலாவது இருக்கும். தேதியோடு வாங்கி வையுங்கள்.

படி 4: கடிதம்

எங்கள் முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: “இயற்கையை அழிக்கும் இந்த அநியாயத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.” மூன்று பக்கம். சர்வே எண் ஓர் இடத்திலும் இல்லை. ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் படித்துவிட்டு, “சார், இதை எந்த ஃபைலில் சேர்ப்பாங்க?” என்றார். திருத்தி எழுதியது:

> பெறுநர்: உறுப்பினர்-செயலர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர், சென்னை 600008.
> பொருள்: (கிராமம்) சர்வே எண் (…) நிலப் பயன்பாடு மாற்றம் – ஆட்சேபனை – தொடர்பாக.
> பார்வை: (நாளிதழ்), (தேதி) அறிவிப்பு.
> 1. மேற்படி மனைக்குச் செல்லும் ஒரே சாலையின் அகலம் 6.8 மீட்டர். புகைப்படம் இணைப்பு 1.
> 2. மழைநீர் இம்மனையில் தேங்குகிறது. இணைப்பு 2.
> 3. எனவே வகை மாற்றத்தை அனுமதிக்க வேண்டாம் எனவும், முடிவெடுக்கும் முன் நேரில் ஆய்வு செய்யுமாறும் வேண்டுகிறேன்.

இவ்வளவு போதும். ஒரே கடிதத்தில் ஐம்பது கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல், வீட்டுக்கு ஒன்றாகத் தனிக் கடிதமும் கொடுங்கள். அவரவர் வீட்டில் என்ன பாதிப்பு என்று அவரவர் வார்த்தையில் ஒரு வரி சேர்க்கட்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏழைகளுக்கு அடுக்குமாடி வருகிறது, ‘ஏரியா கெட்டுவிடும்’ என்று எதிர்ப்பவர்கள் இந்தப் பதிவைப் பயன்படுத்த வேண்டாம். எங்கள் குரூப்பிலும் அப்படி ஒரு குரல் வந்தது. அதைக் கடிதத்தில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

படி 5: முத்திரை

அறிவிப்பில் எத்தனை நாள் கெடு என்று போட்டிருக்கும். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதி முத்திரை வாங்குங்கள். வேறொரு அலுவலகத்தில் நான் முன்பு கொடுத்த மனு ஒன்றுக்கு “அப்படி எதுவும் வரலையே” என்று பதில் வந்தது. என்னிடம் முத்திரை இல்லை, வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். நேரில் போக முடியாவிட்டால் ஸ்பீடு போஸ்ட், ரசீதோடு.

படி 6: அப்புறம்

வார்டு கவுன்சிலரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் போய்ப் பேசி, பேசியதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு. ‘ஏன் இப்படி?’ என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த சர்வே எண் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், வந்த ஆட்சேபனைகளின் எண்ணிக்கை, நேராய்வு அறிக்கையின் நகல். 30 நாளில் பதில் இல்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். எங்களுக்கு 27ஆம் நாள் வந்தது. நேராய்வு அறிக்கையில் சாலை அகலம் என்ற இடத்தில் 6.8 என்றே எழுதியிருந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை.