பழைய பாய்மரப் படகு: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

முதல் படகை வாங்கிய அன்று ஒரு நோட்டில் வேலைகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் மணிக்கணக்கும் போட்டேன். கூட்டினால் 320 மணி நேரம் வந்தது. சனி, ஞாயிறு மட்டும் உழைத்தாலே ஐந்து மாதத்தில் முடித்துவிடலாம் என்று சந்தோஷப்பட்டேன். நான்கு வருடம் கழித்து அதை அரைகுறையாக விற்றபோது நோட்டில் 1,100 மணி நேரம் தாண்டியிருந்தது. அந்தப் படகு என் கையில் ஒரு நாள்கூடப் பாய் விரித்து ஓடவில்லை.

அது 27 அடி. இப்போது வைத்திருப்பது 22 அடி. இதையும் பழையதாகத்தான் வாங்கினேன், ஆனால் மூன்று மாதத்தில் தண்ணீரில் இறக்கிவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஐந்து படகுகளைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னேன். அப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படகைப் பார்க்கப் போவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள்: உங்களுக்குப் படகு ஓட்ட ஆசையா, பழுதுபார்க்க ஆசையா? இரண்டும் நல்ல ஆசைகள்தான். கொட்டகைக்குள் உட்கார்ந்து வருடக்கணக்காக மரம் இழைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் ஓட்டத்தான் ஆசை என்றால், போன பருவம் வரை ஓடிக்கொண்டிருந்த படகைத் தேடுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. நான் ஓட்டுகிற ஆசையோடு பழுதுபார்க்கிற படகை வாங்கினேன். என் நான்கு வருடம் அதில்தான் போனது.

அடுத்தது அளவு. 20 அடிப் படகுக்கும் 30 அடிப் படகுக்கும் வித்தியாசம் பத்தடிதானே என்று தோன்றும். நீளம் ஒன்றரை மடங்கு ஆனால் அகலமும் ஆழமும் கூடவே வளரும், கொள்ளளவு மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். பெயின்ட், கயிறு, பாய், நங்கூரம், தூக்கும் கிரேன் எல்லாம் அதோடு சேர்ந்து ஏறும். அதனால் விளம்பரத்தில் நீளத்தைப் பார்க்காமல் எடையைக் கேளுங்கள். செலவு எடையோடுதான் நடக்கும்.

விலை குறைவு என்று மயங்காதீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது படகுக்கென்றே சொன்னது போல இருக்கும். கிரேன் வாடகை, லாரி, பாய்மரத்தைக் கழற்றி ஏற்றும் கூலி, அப்புறம் படகு நிற்கும் இடத்துக்கு மாத வாடகை. என் முதல் படகு நின்ற இடத்துக்குக் கொடுத்த வாடகை மட்டும் படகு விலையைப் போல இரண்டு மடங்கு. இலவசமாகக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் இன்னும் உஷாராக இருங்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், படகு விஷயத்தில் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தப் படகுகள் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ், அதாவது பிசினில் பதித்த கண்ணாடி இழை. அது மக்காது, உருக்கி வார்க்கவும் முடியாது. நீங்கள் கைவிட்டாலும் அதை உடைத்து அப்புறப்படுத்தக் காசு கொடுக்க வேண்டியது நீங்கள்தான். கொடுப்பவர் அந்தச் செலவைத்தான் உங்கள் தலையில் கட்டுகிறார்.

சரி, பார்க்கப் போகிறீர்கள். டார்ச், சின்னக் கண்ணாடி, பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த ஸ்க்ரூடிரைவர், ஒட்டும் காகித டேப், ஒரு சுத்தமான துணி போதும். மழை பெய்த மறுநாள் போனால் நல்லது, ஒழுகும் ஜன்னல்கள் தாமாகவே காட்டிக்கொடுக்கும். நீங்கள் வருவதற்கு முன்னால் எஞ்சினை ஓட விட வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்பாது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

நான் அதிக நேரம் செலவழிப்பது மேல்தளத்தில். பெரும்பாலான ஃபைபர் கிளாஸ் படகுகளில் தளம் ஒரே கட்டியாக இருக்காது. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பல்சா என்ற லேசான மரக்கட்டையோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம், நல்ல யோசனைதான். ஆனால் கம்பித்தூண், கயிறு கட்டும் கொண்டி என்று ஒவ்வொன்றையும் போல்ட் போட அந்தத் தளத்தைத் துளைத்திருப்பார்கள். போல்ட்டைச் சுற்றி வைத்த பசை பத்து, இருபது வருடத்தில் காய்ந்து விரிசல் விடும். துளித் துளியாக நீர் உள்ளே போய் நடுக்கட்டை ஊறி அழுகும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும்.

முதலில் வெறுங்காலோடு தளம் முழுக்க மெதுவாக நடந்து பாருங்கள். எங்காவது காலடியில் லேசாக அமுங்குகிறதா? பிறகு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று பேசும். ஊறிய இடம் ‘தொப்’ என்று மந்தமாகச் சொல்லும். அரை மணி நேரம் தட்டினால் காதுக்குப் பழகிவிடும். சத்தம் மாறும் எல்லையில் டேப் ஒட்டிக்கொண்டே வாருங்கள். கடைசியில் எழுந்து நின்று பாருங்கள். உள்ளங்கை அளவில் இரண்டு மூன்று திட்டுகள் என்றால் ஒரு சில வார இறுதிகளில் முடியும் வேலை. தளத்தில் கால்வாசிக்கு மேல் என்றால் படகை விட்டு இறங்கிவிடுங்கள். என் முதல் படகின் முன்தளத்து மேல்தோலை அறுத்துத் தூக்கியபோது கட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஊறிய காப்பித்தூள் மாதிரி கறுப்பாக ஏதோ இருந்தது. கரண்டியால் வழித்து இரண்டு வாளி நிரப்பினேன். வழித்து, காயவைத்து, புதுக்கட்டையை எபாக்ஸி பசையில் பதித்து, தோலை மூடி, தேய்த்து, பெயின்ட் அடித்து முடிக்க 260 மணி நேரம் ஆனது. நோட்டில் அதற்கு எழுதியிருந்தது 40.

தளம் அழுகினால் பணம் போகும். கீல் விழுந்தால் உயிர் போகும். கீல் என்பது படகு கவிழாமல் அடியில் தொங்கும் இரும்பு அல்லது ஈயக் கட்டி. சில படகுகளில் அது ஃபைபர் உடம்புக்குள்ளேயே மூடியிருக்கும், மற்றவற்றில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். இரண்டாவது வகை என்றால் படகைத் தரையில் தூக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும். கீலும் உடம்பும் சேரும் கோட்டின் முன்முனையில் விரிசல் தெரிகிறதா, துருநீர் வடிந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, கீலைச் சுற்றியுள்ள குறுக்குச் சட்டங்கள் உடம்பிலிருந்து பிய்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். தரைதட்டிய படகு அங்கேதான் அடிபட்டிருக்கும். 2014 மே மாதம் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த ‘சீக்கி ரஃபிகி’ என்ற 40 அடிப் படகின் கீல் கழன்று, அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அது பழங்காலப் படகுகூட அல்ல. முன்பு தரைதட்டியதும், அதற்குச் செய்த பழுதுபார்ப்பும் அந்த இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. அதனால் “எப்போதாவது தரைதட்டியதா?” என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். பதிலை விட, சொல்லும் முன் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள்.

நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடம்பில் கொப்புளங்களைப் பார்த்துப் பலர் பயந்து ஓடுவார்கள். குத்தினால் வினிகர் வாடையோடு நீர் வரும். அசிங்கம்தான், சரிசெய்ய மாதக்கணக்கில் காயவைக்கவும் வேண்டும், ஆனால் அதனால் படகு மூழ்குவது அபூர்வம். விலையைக் குறைக்க நல்ல சாக்கு என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் வயதைக் கேளுங்கள். பத்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டால் அல்லது ‘தெரியாது’ என்று சொன்னால், எல்லாவற்றையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கம்பி முனையில் உள்ள குழலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். கம்பியில் இழை பிரிந்திருந்தால் துணியால் துடைக்கும்போது நூல் சிக்கும். கம்பிகளைப் படகோடு பிணைக்கும் பட்டைகள் தளத்துக்குள் நுழையும் இடம் இன்னும் மோசம். துருப்பிடிக்காத எஃகு காற்றுப் படாத ஈரத்தில் கிடந்தால் உள்ளுக்குள் அரித்துவிடும். பாய்கள் துணியில் மொடமொடப்பு இருக்கிறதா, தையல் நூல் நகத்தால் சுரண்டினால் அறுகிறதா என்று பார்த்தால் போதும்.

எஞ்சினில் எண்ணெய் பால் கலந்தது போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சூடேறிய பிறகும் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, கரும்புகை என்றால் சுமை தாங்காமல் இருக்கலாம். சிறிய பழைய படகில் புது டீசல் எஞ்சின் போடும் செலவு படகின் விலையையே தாண்டிவிடும். கடல்நீர் உள்ளே வரும் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். திரும்பாத வால்வு ஓட்டைக்குச் சமம். பித்தளை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துவிட்டது, ஒரு தட்டில் உடையும்.

அலமாரிகளுக்குள் டார்ச் அடித்து, சுவரில் நேர்கோடாக அழுக்குக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படகு ஒரு சமயம் அந்த உயரம் வரை தண்ணீரில் நிறைந்திருக்கிறது, அந்த மட்டத்துக்குக் கீழே இருந்த மின்கம்பியெல்லாம் சந்தேகத்துக்குரியவை. அடித்தட்டில் தேங்கிய நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்புக் கரித்தால் கடல்நீர், இல்லையென்றால் பெரும்பாலும் மழை. டீசல் மிதந்தால் நாக்கில் வைக்காதீர்கள், நான் வைத்திருக்கிறேன்.

மரப்படகு பற்றி ஒரே வார்த்தை: மரவேலை தெரியாமல் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பட்டியல் எழுதுங்கள். படகு மூழ்காமல் இருக்க என்ன வேண்டும், ஓட என்ன வேண்டும், அழகாக இருக்க என்ன வேண்டும். மூன்றாவதைக் கிழித்துப் போடுங்கள். முதல் இரண்டில் பொருள் விலையைக் கடையில் விசாரித்து எழுதுங்கள், மணிக்கணக்கை மூன்றால் பெருக்குங்கள். நான் மிகைப்படுத்தவில்லை. வேலை செய்யும் நேரத்தை மட்டும்தான் நாம் எழுதுவோம். போய் வருவது, கருவி தேடுவது, பசை இறுகக் காத்திருப்பது, துருப்பிடித்த ஒரே ஒரு ஸ்க்ரூவோடு முழு மதியம் மல்லுக்கட்டுவது எதையும் எழுத மாட்டோம். அந்த மணிகளை உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் வார இறுதிகளால் வகுத்தால் எத்தனை மாதம் என்று வரும். அத்தனை மாத இடவாடகையையும் சேர்த்துக் கூட்டி, அதே மாதிரிப் படகு ஓடும் நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓடும் படகுதான் மலிவாக இருக்கும். உங்கள் உழைப்புக்குச் சந்தை ஒரு காசும் தராது. இது தெரிந்தும் வாங்க மனம் வந்தால் வாங்குங்கள், அது கணக்கு அல்ல, காதல். வீட்டில் இருப்பவர்களிடமும் அந்த மாத எண்ணிக்கையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்கள் உடம்பையும் கணக்கில் வையுங்கள். ஃபைபர் தேய்க்கும் தூசு தோலில் நாள்கணக்கில் அரிக்கும். அடிப்பாகத்தில் கொட்டலசு என்ற ஓடுள்ள சின்னக் கடலுயிர் ஒட்டாமல் இருக்க அந்தக் காலத்தில் பூசிய பெயின்டில் டிரைபியூட்டைல்டின் என்ற விஷம் இருக்கலாம். அதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம் 2001-இல் உருவாகி 2008-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய படகில் பழைய அடுக்குகள் இன்னும் அடியில் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், நல்ல முகக்கவசம் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு படகு தேறினால் ஒரு சர்வேயரைக் கூப்பிடுங்கள். நிலம் அளப்பவர் அல்ல, படகைப் பரிசோதிப்பவர். அவருக்கு நீங்களே கூலி கொடுங்கள், விற்பவர் தரும் பழைய அறிக்கை உதவாது. படகைத் தரையில் தூக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்தால், சர்வே திருப்தியாக இல்லாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பதிவுப் பத்திரம் விற்பவர் பெயரில் இருக்கிறதா, படகு நின்ற இடத்துக்கு வாடகை பாக்கி உண்டா, படகின் மேல் கடன் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வாங்கியதும் எதையும் பிரிக்காதீர்கள். முதல் பட்டியலை மட்டும் முடித்துவிட்டு ஒரு பருவம் ஓட்டுங்கள். எது உண்மையில் தொந்தரவு, எது நம் கற்பனை என்று அப்போதுதான் தெரியும். 22 அடிப் படகில் மாற்றியே ஆக வேண்டும் என்று நான் நினைத்த சமையல் மேடை ஒன்பது வருடமாக அப்படியே இருக்கிறது. முதல் படகிலோ வாங்கிய வாரமே உள்ளே இருந்த மரவேலை முழுவதையும் கழற்றிவிட்டேன். ஸ்க்ரூக்களையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டேன், எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. நான்கு வருடம் கழித்து வாங்கிக்கொண்டு போனவரிடம் அந்த டப்பாவையும் சேர்த்தே கொடுத்தேன்.