உலகப் பெயர் தேடும் புதுச்சேரிப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை பிறந்ததும் ஜோசியர் எழுத்து குறித்துக் கொடுத்துவிடுவார். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. அந்த எழுத்தில் தெருவில் யாருக்கும் இல்லாத பெயராக வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் போனில் தேட ஆரம்பிப்பார்கள். ஹவாய், ஜப்பான், அயர்லாந்து என்று சுற்றி ஒரு பெயர் அகப்படும். பக்கத்திலேயே ‘ஒளி’ என்றோ ‘இளவரசி’ என்றோ பொருளும் போட்டிருக்கும். அன்றைக்கே முடிவாகிவிடும். வேற்றுமொழிப் பெயர் வைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. புதுச்சேரிக்கு அது புதிதும் இல்லை. ஆனால் அந்த மொழி பேசுகிற ஒருவரிடமாவது விசாரிக்காமல் வைப்பது பெரிய தவறு.

கியாராவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல்களில் ‘பிரகாசமானவள்’ என்று இருக்கும். இத்தாலியப் பெயருக்கு அது சரி. அயர்லாந்தில் ஏறக்குறைய இதே ஒலியோடு இருக்கும் பெயரோ ‘கருமை’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. இரண்டுமே அழகான பெயர்கள்தான், ஆனால் மகளுக்கு வைத்தது எது என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஜப்பானியப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். யூகி என்றால் பனி என்பார்கள். எந்தச் சித்திர எழுத்தில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது பனியாகவும் இருக்கலாம், மகிழ்ச்சியாகவும் இருக்கலாம். ஒலியை மட்டும் வைத்துப் பொருள் சொல்லவே முடியாது.

பொருள் சரியாக இருந்தாலும், அந்தப் பெயரை எப்போது, யாருக்கு வைப்பார்கள் என்ற வழக்கம் ஒன்று உண்டு. இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. கானா நாட்டின் அகான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயர் சூட்டுவார்கள். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பெயரில் இருப்பது அதுதான். குவாமே சனிக்கிழமைப் பையன், அமா சனிக்கிழமைப் பெண். செவ்வாயில் பிறந்தவனுக்குக் குவாமே என்று வைத்தால், கானாக்காரர் எவரும் முதலில் ‘சனிக்கிழமை பிறந்தாயா?’ என்றுதான் கேட்பார். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் தைவோ, கெஹிந்தே இரண்டும் இரட்டையருக்கான பெயர்கள்: முதலில் பிறந்தது தைவோ, பின்னால் வந்தது கெஹிந்தே. பாபாதுண்டே என்றால் ‘அப்பா திரும்பி வந்துவிட்டார்’. தாத்தா இறந்த பிறகு பிறக்கும் பேரனுக்கு வைப்பது. தாத்தா திண்ணையில் நன்றாக உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெயரை வைப்பது சரியா? நட்சத்திரம் பார்த்து, தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துப் பழகிய நமக்கு இந்த வழக்கங்களின் அருமை நன்றாகவே புரியும்.

ஆண் பெயரா பெண் பெயரா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். நிகிதா இங்கே பெண். ரஷ்யாவில் ஆண், சோவியத் தலைவராக இருந்த நிகிதா குருஷேவைப் போல. இத்தாலியில் ஆந்த்ரேயா பெரும்பாலும் ஆண்தான். கோஹன் என்பது யூதர்களின் குருமார் மரபைக் குறிக்கும் குடும்பப் பெயர். அதைச் செல்லப் பெயர் போல வைத்தால் அவர்களில் பலருக்கு மனம் நோகும்.

அப்புறம் நம் காதுக்கு எப்படிக் கேட்கும் என்று பாருங்கள். நைரா அழகாகத்தான் இருக்கிறது. அது நைஜீரியாவின் நாணயப் பெயரும்கூட என்பதைக்கூட விட்டுவிடலாம். வகுப்பில் பிள்ளைகள் அதை ‘நாய்’ ஆக்க ஒரு நாள் போதும். ஹவாய் மொழியில் கடல் என்று பொருள்படும் காய், வீட்டில் ஆயா கூப்பிடும்போது கத்தரிக்காயோடு சேர்ந்துவிடும். முடிவு செய்வதற்கு முன் வீட்டுப் பெரியவர்களைப் பத்து முறை சத்தமாகக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பிரான்சில் 1803ஆம் ஆண்டுச் சட்டம் பெயர்களைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1993இல்தான் பெற்றோருக்குப் பெரும் சுதந்திரம் கிடைத்தது. இன்றும் குழந்தைக்குக் கேடு என்று பதிவாளர் நினைத்தால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம். ரொட்டியில் தடவும் சாக்லேட் பூச்சின் பெயரான நூட்டெல்லாவை ஒரு குழந்தைக்கு வைத்தபோது வாலன்சியேன் நகர நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒலியையும் பாருங்கள்: பிரெஞ்சில் எச் ஒலிக்காது, ஹரிணி அங்கே அரிணி. உகரத்துக்கு அவர்கள் ஓ, யூ என்று இரண்டெழுத்து போடுவார்கள், ஆங்கில ஆவணத்தில் ஒற்றை யூ போதும். இதனால் ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், பேரனுக்கு வேறொன்று. போதாததற்கு எண் கணிதம் பார்த்து ஓர் ஏ, ஓர் எச் சேர்த்தால் பிள்ளை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஆரோவில்லில் பல நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு மொழி கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெயரை எழுதி எடுத்துப் போய், ‘இதை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வைப்பீர்களா?’ என்று கேளுங்கள். பொருளை மட்டும் கேட்பதைவிட இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும்.

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரில்லாமலே பதியலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால் எழுத்துக்கூட்டலை அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். கடலூர், பண்ருட்டிப் பக்கமிருந்து ஜிப்மருக்கு வந்து பிரசவம் பார்த்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பதிவு பிறந்த இடத்தில்தான். பெயர் சேர்க்கவும் சொந்த ஊர் அலுவலகம் போகாமல் புதுச்சேரிக்கே வர வேண்டும்.