ஃபைபர் படகின் ஃபெண்டரைக் கழுவுவதும் காப்பதும்

காசிமேட்டில் விசைப்படகுகளின் ஓரத்தில் தொங்கும் பழைய டயர்களைப் பார்த்திருப்பீர்கள். படகோடு படகு மோதும்போது இடியை வாங்கிக்கொள்வது அவைதான். வெள்ளை ஃபைபர் படகுக்கு டயர் ஒத்துவராது. உரசிய இடமெல்லாம் கறுப்புத் தடம் விழும். அதனால் சிறிய படகுகளுக்குக் காற்றடைத்த பிவிசி (ஒரு வகைப் பிளாஸ்டிக்) ஃபெண்டர்களையே, அதாவது படகின் ஓரத்தில் தொங்கும் இடிதாங்கிகளையே, கட்டுகிறார்கள். ஆனால் உப்பும் மணலும் படிந்துவிட்டால், படகைக் காக்க வேண்டிய ஃபெண்டரே உப்புத்தாளாக மாறிப் படகின் மினுமினுப்பைத் தேய்த்துவிடும்.

1. கழற்றி அலசுதல்

ஃபெண்டரைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். சோப்பு நீர் கடலில் கலக்க வேண்டாம். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி மணலைப் போக்குங்கள். பிறகு, பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம். கம்பி நாரைத் தொடாதீர்கள். அது போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும்.

2. கறைகள்

பாசி சோப்பிலேயே போய்விடும். கொட்டலசு (சுண்ணாம்பு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிரி) ஒட்டியிருந்தால், வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றிவையுங்கள். சுண்ணாம்பு ஓடு இளகியதும் பிளாஸ்டிக் கரண்டியின் விளிம்பால் சுரண்டி எடுக்கலாம். தாருக்கும் கிரீஸுக்கும் தேங்காய் எண்ணெய் போதும்: தடவி, சற்று ஊறவிட்டு, துடைத்து, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றையும் கிட்டவே சேர்க்காதீர்கள். படகுத் துறையில் யாராவது "ஒரு துடைப்பில் பளிச்சென்று ஆகிவிடும்" என்று யோசனை சொல்வார்கள். அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். பிவிசி இயல்பில் கடினமானது. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பொருள்தான். ஃபெண்டர் மெத்தென்று இருப்பதற்காக அதில் ஒரு மென்மையூட்டியைச் சேர்க்கிறார்கள். கரைப்பான்கள் அதை வெளியே இழுத்துவிடுகின்றன. முதலில் மேற்பரப்பு பிசுபிசுக்கும், தூசியெல்லாம் ஒட்டும். பிறகு இறுகி வெடிக்கும். வெயிலும் இதே கேட்டை மெதுவாகச் செய்கிறது. ஏற்கெனவே பிசுபிசுத்துப்போன ஃபெண்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. துணி உறை மாட்டிச் சில காலம் ஓட்டலாம், அவ்வளவுதான்.

3. உலர்த்துதல்

நிழலில் காயவையுங்கள். வினைலுக்கென்று (பிவிசியைத்தான் அப்படியும் சொல்வார்கள்) விற்கும் புற ஊதாக் காப்புத் திரவம் கிடைத்தால் மெல்லியதாகப் பூசலாம். தளத்தில் சிந்திவிட்டால் கால் வழுக்கும், கவனம்.

4. காற்று

பல சிறிய ஃபெண்டர்களில் கால்பந்தில் இருப்பது போன்ற ஊசி வால்வுதான் இருக்கும். ஊசியைச் சோப்பு நீரில் நனைத்துச் செருகுங்கள். உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். பொதுவாக 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று போதும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். கல்போல் இறுகிய ஃபெண்டர் இடியைத் தாங்காது, அப்படியே படகுக்குக் கடத்திவிடும். பஞ்சர் கடைக் கம்ப்ரெசர் வேண்டவே வேண்டாம், கைப் பம்பே போதும். காலையில் முட்ட முட்ட அடைத்தால், மே மாத நண்பகல் வெயிலில் உள்ளே காற்று விரிந்து தையலில்லாத அந்த உடலையே உப்பச்செய்யும்.

அடிக்கடி தளர்ந்துபோகிறதா? வால்வில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். அங்கே குமிழி வந்தால் வால்வை மாற்றினால் சரியாகும். உடலில் வெடிப்பு என்றால் புதியது வாங்குவதே நல்லது. நசுங்கி நசுங்கி விரியும் பொருளில் ஒட்டு அதிக நாள் நிற்பதில்லை.

5. கயிறும் உறையும்

கயிற்றை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுங்கள். ஃபெண்டரில் கயிறு கட்டும் கண் துளைக்குள் அது நுழையும் இடத்தையும் படகின் விளிம்பில் உரசும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். இழை பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். துணி உறை இருந்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள்.

6. பத்திரப்படுத்துதல்

நெடுநாள் பயன்படுத்தாமல் எடுத்துவைப்பதாக இருந்தால் காற்றைக் கொஞ்சம் குறைத்து, நிழலில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் டயரோ கறுப்பு ரப்பர் விரிப்போ வேண்டாம். அதன் கறை பிவிசிக்குள் இறங்கினால் எந்தச் சோப்புக்கும் போகாது. படகு ஓடும்போது ஃபெண்டர்களை உள்ளே இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிவந்தால், மேலே சொன்ன சோப்பு வேலை மாதம் ஒரு முறை போதும்.