பிளஸ் டூ நினைவு மலர்: வகுப்புத் தோழர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடிக்கும் வகுப்புகள் பல, பிரிவு உபசார விழாவுக்கு ஒரு சிறு மலர் போடுகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு புகைப்படம், அதன் கீழே அவரைப் பற்றிச் சிரிப்போடும் பாசத்தோடும் ஒரு பத்தி. எழுபது சொல்தான். ஆனால் அந்த எழுபது சொல்லை இருபது வருடம் கழித்து அவருடைய பிள்ளை எடுத்துப் படிக்கும். அதனால் இது விளையாட்டாகத் தோன்றினாலும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலான மலர்கள் கெடுவது எழுதத் தெரியாததால் அல்ல, ஆளைப் பார்க்காமல் எழுதுவதால்.

அடைமொழிகளால் நிரப்புவது

"நல்லவன், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவான், ஜாலியான பையன்." இந்த வரியை வகுப்பில் இருக்கும் நாற்பத்தெட்டு பேரில் யாருடைய படத்துக்குக் கீழும் போடலாம். அப்படிப் போட முடிகிற வரி எதுவும் மலருக்கு ஆகாது. எழுதி முடித்ததும் பெயரை மறைத்துவிட்டு, அதே வகுப்பைச் சேர்ந்த ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். பாதியிலேயே "இது அவன்தானே!" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

குணத்தைச் சொல்லாமல் செயலைச் சொல்வதுதான் வழி. "சாப்பாட்டு ராமன்" என்று எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"இரண்டாவது பீரியட் முடியும்போது இவனுடைய டிபன் பாக்ஸ் காலி. மதிய மணி அடித்ததும் மூடியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்ச் பெஞ்சாகக் கிளம்புவான். திரும்பும்போது மூடியில் எலுமிச்சை சாதம், புளிசாதம், தயிர்சாதம் மூன்றும் இருக்கும். யார் வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வகுப்பில் முதலில் தெரிவதும் இவனுக்குத்தான்."

கடைசி வரிதான் இந்தப் பத்தியைத் தூக்கி நிறுத்துகிறது. முதல் மூன்று வரியில் வம்புக்கு இழுத்தோம். நான்காவதில் அவன் யார் என்று காட்டினோம். ஆனால் "வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகள்" என்று கடைசியில் ஒட்டவைப்பது இந்த வேலையைச் செய்யாது. நாற்பத்தெட்டு தடவை வந்தால் அதை யாரும் படிக்கவும் மாட்டார்கள்.

காரணம் தெரியாமல் கிண்டல் செய்வது

மேலே சொன்ன டிபன் பாக்ஸ் பையன் வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்றால் அந்தப் பத்தி அப்படியே கொடுமையாகிவிடும். தினமும் தாமதமாக வருகிறவன் காலையில் பேப்பர் போட்டுவிட்டு வருகிறவனாக இருக்கலாம். வகுப்பில் தூங்குகிறவள் அதிகாலையில் எழுந்து தம்பி தங்கைகளுக்குச் சமைத்துவிட்டு வருகிறவளாக இருக்கலாம். ஒரு பழக்கத்தை வைத்துச் சிரிப்பு எழுதும் முன், அது ஏன் என்று அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். காரணம் கஷ்டமாக இருந்தால் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். அதை உருக்கமாக மாற்றி எழுதவும் கூடாது. தன் வீட்டுக் கஷ்டம் அச்சில் வர வேண்டும் என்று அவர் உங்களிடம் கேட்கவில்லை.

சில விஷயங்களுக்குக் கேள்வியே இல்லை, எழுதக் கூடாது: உடம்பின் பருமன், நிறம், உயரம், திக்குவாய், அப்பாவின் தொழில், பெயிலான பாடம், கட்டாத பணம். சாதியைத் தொடுகிற எதுவும் இந்தப் பட்டியலில் சேரும், மறைமுகமாக வந்தாலும்கூட. கையில் கட்டும் கயிற்றின் நிறம், ஊரில் எந்தத் தெரு, வீட்டில் என்ன சமையல் என்பவை கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் சாதியைச் சுட்டிவிடும். நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவன் சாதி வெறியால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்கு வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கயிறு நகைச்சுவைக்கு உரிய பொருள் அல்ல.

அடுத்தது, ஜோடி சேர்ப்பது. "இவளுக்குப் பிடித்த எழுத்து 'க', ஏன் என்று கேட்காதீர்கள்" என்பது போன்ற கிசுகிசு வரிகள் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் முதல் வரைவில் வந்துவிடும். எழுதுகிறவர்களுக்கு அது வகுப்புக்குள் உள்ள விளையாட்டு. ஆனால் மலர் வீட்டுக்குப் போகிறது. அப்பா படிக்கிறார், மாமா படிக்கிறார். வெளியூர்க் கல்லூரியில் சேரவிருந்த பெண்ணை உள்ளூரிலேயே நிறுத்திவிட அந்த ஒரு வரி போதும். சம்பந்தப்பட்ட இருவரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தாலும் எடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று அவர்களுக்கே முழுதாகத் தெரியாத வயது அது.

பட்டப்பெயருக்கு ஒரு சோதனை உண்டு. அவர் வீட்டுக்குப் போன் போட்டு, அம்மா எடுக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க முடியுமா? முடியுமென்றால் அச்சில் போடலாம். ஆசிரியர்களின் பட்டப்பெயர்கள் எதுவும் வேண்டாம்.

நகை நான்கு

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நான்காகப் பிரிக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். வகுப்பு மலர் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. வரைவில் இருக்கும் ஒவ்வொரு நகைச்சுவையையும் எடுத்து, இந்த நான்கில் எது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். பாதிக்கு மேல் எள்ளல், அதாவது பிறரை இகழ்ந்து சிரிப்பது என்று வந்தால் மலர் கசக்கும்.

மற்ற மூன்றும் பாசத்துக்கு இடம் கொடுப்பவை. இளமை என்பது பிள்ளைத்தனம்: பதினேழு வயதிலும் மழை வந்தால் ரெக்கார்ட் நோட்டின் பக்கத்தைக் கிழித்துக் கப்பல் விடுகிறவன். பேதைமை என்பது தெரியாமல் செய்வது: ஆய்வகத்தில் பிப்பெட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அது ஏன் உறிஞ்சவில்லை என்று யோசித்தவள். மடன் என்பதற்கு உரையாசிரியர்கள் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று பொருள் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. "நாளைக்கு லீவு" என்று யாரோ சொன்னதை நம்பி வராமல் இருந்துவிட்டு, மறுநாள் சொன்னவனிடமே லீவ் லெட்டர் எழுதித் தரக் கேட்டவன் இதில் அடங்குவான். இந்த மூன்றிலும் ஆளைக் குறைத்துப் பேசவில்லை. அவர் அங்கே இருந்தார் என்பதைச் சொல்கிறோம்.

பாடப்புத்தகத்தில் படித்த வஞ்சப்புகழ்ச்சியும் இங்கே கைகொடுக்கும். தொண்டைமானின் ஆயுதங்கள் பீலியும் மாலையும் சூடி நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவை பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் புறநானூற்றின் 95ஆம் பாடலில் சொல்கிறார். குறை சொல்வது போல இருக்கும், அதியமானுக்கு அது புகழ். நன்றாகப் படிக்கிறவர்களைப் பற்றி எழுத இது ரொம்பவும் ஏற்றது, ஏனென்றால் அவர்களை நேராகப் புகழ்ந்தால் சுவை இருக்காது:

"இவனால் கெட்டவர்கள் பலர். இயற்பியல் கணக்கு வராத ஆறு பேரை, தேர்வுக்கு முந்தைய நாள் கிரிக்கெட் பார்க்க விடாமல் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துக் கெடுத்தவன் இவன். ஆறு பேரும் பாஸ்."

பேசாதவர்களைக் கைவிடுவது

மலர்களில் நடக்கும் பெரிய தவறு இதுதான். வகுப்பில் கலகலப்பான பத்துப் பேருக்கு நூற்றைம்பது சொல் கிடைக்கிறது. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு "அமைதியானவள், நன்றாகப் படிப்பாள்" என்று ஒரு வரி. இரண்டு வருடம் கூடவே இருந்தும் தன்னை யாரும் பார்க்கவில்லை என்பதை அவள் அச்சில் படிக்கிறாள். சொல் எண்ணிக்கையை முதலிலேயே பூட்டிவிடுங்கள்: எல்லோருக்கும் அறுபது முதல் எண்பது சொல், யாருக்கும் கூடக் குறைய இல்லை.

எழுத விஷயம் இல்லை என்றால் கேட்க வேண்டிய இடம் தெரியவில்லை என்று பொருள். பக்கத்து இருக்கைக்காரர், ஒரே பஸ்ஸிலோ வேனிலோ வருகிறவர், ஆய்வகத்தில் அடுத்த மேசையில் நிற்பவர், பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர் என்று நாலு பேரிடம் போங்கள். "அவள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல பொண்ணு" என்றுதான் பதில் வரும். மூன்று கேள்வி கேளுங்கள். அவள் பையில் எப்போதும் இருக்கும் பொருள் என்ன? அவள் கடைசியாக எதற்கு வாய்விட்டுச் சிரித்தாள்? உங்களுக்கு ஏதாவது இல்லாதபோது அவள் என்ன கொடுத்தாள்? அப்படிக் கேட்டால் இந்த மாதிரி ஒன்று கிடைக்கும் (டைட்ரேஷன் என்பது ப்யூரெட் குழாயிலிருந்து குடுவைக்குள் சொட்டுச் சொட்டாக விடும் வேதியியல் சோதனை; வெளிர் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும்):

"இவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. டைட்ரேஷன் நடக்கும்போது பக்கத்து மேசையில் யாராவது ப்யூரெட்டை அதிகமாகத் திறந்துவிட்டால், தன் குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி மூடிவிடுவாள். வெளிர் இளஞ்சிவப்பில் நின்ற பல குடுவைகள் இவளால் நின்றவை. 'தேங்க்ஸ்' என்றால் திரும்பிப் பார்த்து, 'என்னது?' என்பாள்."

முதலில் இவர்களுடைய பத்திகளை எழுதி முடியுங்கள். கலகலப்பானவர்களைப் பற்றிக் கடைசி நாளிலும் எழுதலாம்.

ஒருவரே எழுதுவது, காட்டாமல் அச்சிடுவது

நாற்பத்தெட்டையும் ஒருவரே எழுதினால் இருபதாவதுக்கு மேல் எல்லாப் பத்தியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். நாலைந்து பேர் பிரித்துக்கொள்ளுங்கள். நெருங்கிய நண்பரைப் பற்றி நெருங்கிய நண்பரே எழுதினால் இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற ரகசியச் சிரிப்பாகிவிடும். அவர் செய்தியைக் கொடுக்கட்டும், இன்னொருவர் எழுதட்டும். ஒரு பெரிய தாளில் எல்லோர் பெயரையும் எழுதி, எதிரே அவரவருக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தை இரண்டு சொல்லில் குறியுங்கள். 'தூக்கம்' என்று ஐந்து பேருக்கு வந்திருந்தால் உடனே கண்ணில் படும். ஒருவருக்கு வைத்துக்கொண்டு மற்ற நால்வருக்கும் வேறு தேடலாம். இந்த வருடம் ஓடும் சினிமா வசனத்தையும் மீம்ஸையும் நம்ப வேண்டாம். மூன்று வருடம் போனால் எழுதியவருக்கே விளக்கம் தேவைப்படும்.

பேச்சைப் பேச்சாகவே விடுங்கள். கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஆனால் "டேய், ரெக்கார்டு முடிச்சிட்டியா?" என்று கேட்டவனை "நண்பா, பதிவேட்டை முடித்துவிட்டாயா?" என்று கேட்கவைத்தால் ஆள் மாறிவிடுகிறான்.

பிறகு, சம்மதம். ஆச்சரியம் கெட்டுவிடும் என்று மறைத்து அச்சிடுகிறார்கள். வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அவருடைய பத்தியை மட்டும் தனியாகக் காட்டுங்கள். எந்த வரியையும் காரணம் சொல்லாமல் அடிக்கும் உரிமை அவருக்கு உண்டு. "ஏன்டா, காமெடிதானே" என்று வாதாடக் கூடாது. மற்றவர்களுடைய பத்திகள் அவருக்கு அப்போதும் ஆச்சரியம்தான். வகுப்பாசிரியர் எல்லாவற்றையும் ஒருமுறை படிக்கட்டும்.

காலக் கணக்கும் அச்சும்

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஆரம்பித்தால் எழுத யாரும் கிடைக்க மாட்டார்கள். அரையாண்டு விடுமுறையில் செய்தி திரட்டி, பொங்கலுக்கு முன் வரைவு முடித்து, பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் எல்லோரிடமும் காட்டிவிட்டால் நிம்மதி.

ஏ5 அளவில் பக்கத்துக்கு இரண்டு பேர் என்றால் நாற்பத்தெட்டு பேருக்கு 24 பக்கம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். எனவே குழுப்படம், ஆசிரியர் பக்கம் எல்லாம் சேர்த்து 28 என்று திட்டமிடுங்கள். 26 என்றால் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும். பாஸ்போர்ட் அளவுப் படம் 35×45 மி.மீ. தெளிவாக அச்சாக 413×531 பிக்சலாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

போனில் தட்டியது யூனிகோட். சில டிடிபி கடைகளில் இன்னும் பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும், யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவும்தான். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'கொ' உடைந்து நிற்கும். ஆகவே நீங்கள் அனுப்பியதைத் திருத்திவிட்டோம் என்பது போதாது; மாற்றிய பிறகு தாளில் எடுத்த புரூஃபைத்தான் திருத்த வேண்டும். பெயரும் இனிஷியலும் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். பாசமாக எழுதிய பத்திக்கு மேலே பெயர் தப்பாக இருந்தால் அதுவே நினைவில் நிற்கும். போன் நம்பரையும் முகவரியையும் அச்சிட வேண்டாம். பி.டி.எஃப். ஆக எத்தனை கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

மேடையில் எல்லாவற்றையும் படிக்கும் ஆசையும் வரும். நாற்பத்தெட்டு பேருக்கு எழுபது சொல் என்றால் 3,360 சொல். நிமிடத்துக்கு 110 சொல் படித்தாலும் அரை மணிக்கு மேல், கைதட்டலும் சிரிப்பும் தனி. மேடைக்கு ஆளுக்குப் பதினைந்து சொல்லில் வேறாக எழுதுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் எல்லோர் பெயரும் ஒலித்துவிடும்.

பிளஸ் ஒன் முடித்து டி.சி. வாங்கிப் போனவர்கள், படிப்பை நிறுத்தியவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்காது. அதனால் பெரும்பாலும் மறந்துபோவார்கள். அவர்களும் ஒரு வருடம் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான். ஏன் போனார்கள் என்று எழுதாமல், இருந்தபோது என்ன செய்தார்கள் என்று அதே எழுபது சொல்லில் எழுதுங்கள். பிரதி எண்ணிக்கை சொல்லும்போது அவர்களையும் கூட்டிச் சொல்லி, யார் வீட்டுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று விழாவுக்கு முன்பே பேசிவையுங்கள்.